மண்டோதரியின் சதுரங்கம்

இராமனுடைய வானரப் படை இலங்கை மாநகரை வளைத்து நிற்கின்றது. கோட்டைக்குள்ளே இராவணன் உறக்கமின்றி உலாவுகின்றான். அவன் நெஞ்சை ஒருவாறு ஆற்றுவதற்காக அவனுடைய தேவி ஒரு பலகையிலே கட்டங்களை வரைந்து, யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையும் சிறு காய்களாக நிறுத்தி, போரின் சாயலை ஓர் ஆட்டமாக அவன் முன் வைத்தாள். சதுரங்கம் பிறந்த வரலாறு இதுவென்று கூறுவோர் நம் நாட்டிலும் பிறநாட்டிலும் பலர். நம் நாட்டின் பெயரோடு பிணைந்த கதை ஆதலால், அதனைக் கேட்கும்போது நமக்கு ஒரு பெருமிதமும் உண்டாகின்றது. அப்பெருமிதத்துக்கு ஆதாரம் எவ்வளவு என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

இக்கதையை அச்சிலேற்றி உலகறியச் செய்தவர் சேர் வில்லியம் யோன்ஸ். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்து, 1784ஆம் ஆண்டில் அங்கே ஆசியக் கழகத்தை நிறுவிய பேரறிஞர் அவர். அக்கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதிகளுள் இரண்டாவது 1790இல் வெளிவந்தது. அதிலே இந்தியச் சதுரங்கம் பற்றி யோன்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று உள்ளது. இராதாகாந்தர் என்னும் வங்கப் பண்டிதர் தமக்குச் சொன்ன செய்தியாகவே அவர் இராவணன் மனைவியின் கதையை அங்கே குறிக்கின்றார். மண்டோதரி என்ற பெயரை அவர் எழுதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'இலங்கை மன்னனின் மனைவி' என்ற அளவில் அவர் நிறுத்தினார். பெயரைப் பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர். அதே கட்டுரையில், வடமொழிப் பேரிலக்கியங்களில் இவ்வாட்டம் பற்றிய செய்தி தம் கண்ணுக்கு அகப்படவில்லை என்றும் அவர் ஒளியாமல் எழுதியுள்ளார். கதையை எடுத்துச் சொல்வோர் பலரும் இவ்வாக்கியத்தை விட்டுவிடுகின்றனர்.

வான்மீகத்திலே தேடினாலும் இக்காட்சி இல்லை. கம்பனிலும் இல்லை. இரண்டு காவியங்களிலும் மண்டோதரி நம் மனத்தில் நிலைப்பது போர் முடிந்த பின்னரே. மாண்டு கிடக்கும் கணவன்மேல் விழுந்து அவள் புலம்பும் இடம் அது. கம்பனோ அவளையும் அவனோடு உயிர் துறக்கச் செய்துவிடுகின்றான். பண்டிதர் யோன்சுக்குக் காட்டிய நூற்பகுதியும் வேறோர் ஆட்டத்தைப் பற்றியது. வியாதர் தருமனுக்கு விளக்குவதாக அமைந்த அப்பகுதி, நால்வர் இருந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தைச் சொல்கின்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு டங்கன் போர்ப்ஸ் என்பவர் 1860இல் வெளியிட்ட நூலில், ஐயாயிரம் ஆண்டுப் பழமையைச் சதுரங்கத்துக்கு ஏற்றினார். 1913இல் மறே என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் தம் பெருநூலில் சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, இருவர் ஆடும் சதுரங்கமே முந்தியது, நால்வர் ஆட்டம் பிந்தியது என்ற முடிவுக்கு வந்தார். இராவணன் கதை வரலாறாகாது என்பதும் அதனோடு தெளிவாயிற்று.

வரலாறு அன்று என்பதற்காக அக்கதையை வீசிவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. கணவன் தொடங்கிய போரைப் பலகைக்குள் அடக்கிவிட ஒரு பெண் முயன்றாள் என்று கற்பித்தவன் எவனோ, அவன் இராமாயணத்தை நன்கு உணர்ந்தவன். மற்றொரு கதையும் இதற்குத் துணை நிற்கின்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் பல்லாங்குழியில் ஒருவராகவே இருந்து ஆடும் ஒரு வகைக்குச் 'சீதைப் பாண்டி' என்று பெயர். அசோகவனத்திலே தனித்திருந்த சீதை காலம் கழிக்க ஆடியது அது என்பர். ஆக, அதே இலங்கையில், அதே நாட்களில், சிறையிருந்தவளுக்குத் துணையில்லா ஆட்டம் ஒன்றையும், அரண்மனையில் இருந்தவளுக்கு இருவர் ஆட்டம் ஒன்றையும் மக்கள் கற்பனை வகுத்துக் கொடுத்துவிட்டது! இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓர் அரசி கண்ட ஆட்டம் என்று சொல்லப்படும் பழைய சதுரங்கத்தில் அரசி என்ற காயே கிடையாது. அரசன் அருகில் நின்றவன் மந்திரி. அவனும் மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும் வலியற்றவன். மேனாட்டில் அம்மந்திரி அரசியாக மாறி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் பலகை முழுவதையும் ஆளும் ஆற்றல் பெற்றாள்.

இனி மாத்தளைக்கு வருவோம். அம்மாவட்டத்தின் வடபாலில், சமவெளியிலிருந்து ஏறக்குறைய அறுநூறு அடி செங்குத்தாய் எழுந்து நிற்கும் சிகிரியாக் குன்றே இராவணனுடைய கோட்டை என்று கூறுவோர் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். அவர்களுக்குச் சதுரங்கக் கதையும் உவப்பானதே. இராவணனும் தேவியும் காய் நகர்த்திய இடம் அவ்வுச்சியாகத்தானே இருக்க வேண்டும்! ஆனால் குன்றின் வரலாற்றைச் சொல்லும் சூளவம்சப் பகுதியில் இராவணன் பெயர் இல்லை. தந்தை தாதுசேனனைக் கொன்று 477இல் அரசு கவர்ந்த காசியப்பன், தம்பி மொகல்லானனுக்கு அஞ்சி அக்குன்றின்மேல் மாளிகை எடுத்தான் என்று அது கூறுகின்றது. அம்மாளிகை மற்றோர் அளகாபுரி போன்றது என்றும், அங்கே அவன் குபேரனைப்போல் வாழ்ந்தான் என்றும் உவமை காட்டுகின்றது. பேராசிரியர் பரணவிதான இவ்வுவமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, காசியப்பன் தன்னைக் குபேரனாகவே பாவித்து அளகாபுரியின் வடிவில் சிகிரியாவை அமைத்தான் என்று வாதிட்டார். குபேரன் யார்? இராவணனுக்குத் தமையன், இலங்கையை அவனிடம் பறிகொடுத்தவன். குபேரனைச் சொன்ன இடத்தில் இராவணன் வந்து சேர்வதற்கு வெகுதூரம் இல்லை. கதைகள் இடம்பெயரும் வழி அதுவே. இராவணனைத் தமிழன் என்பாரும் சிங்களவன் என்பாரும் அவனுடைய கோட்டைக்காக வழக்காடும் இந்நாளில், அக்குன்றைக் குடைந்து படியமைத்த உண்மையான மனிதரின் உழைப்பு மறக்கப்படுகின்றது என்பதே என் குறை.

காசியப்பன் கதையில் சதுரங்கம் இல்லை. ஆயினும் சதுரங்க சேனை உண்டு. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 495இல், மொகல்லானன் பாரதத்திலிருந்து படையுடன் திரும்பினான். எட்டாத உயரத்தில் இருந்த காசியப்பன் அங்கேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை, இறங்கிவந்து போர் தொடுத்தான். களத்திலே அவன் ஏறியிருந்த யானைக்கு முன்னால் ஒரு பெருஞ்சேறு குறுக்கிட்டது. வேறு வழியாகச் செல்ல எண்ணி யானையைச் சற்றே திருப்பினான். பின்னால் வந்த சேனையோ, அரசன் புறங்கொடுத்தான் என்று கருதிச் சிதறி ஓடிற்று. தனியனாய் நின்ற காசியப்பன் தன் உடைவாளால் தன் கழுத்தை அரிந்துகொண்டான். இதைப் படிக்கும் சதுரங்கப் பிரியர் எவரும் ஒரு காய் பிழையாக நகர்ந்தது என்று எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் பலகையில் காய்கள் அரசனை ஐயுறுவதில்லை. யானை திரும்பியதற்குக் காலாட்கள் பொருள் கற்பிப்பதும் இல்லை. நூலாசிரியர் காட்டும் போரில் தோல்விக்குக் காரணம் அந்த ஐயமே. காசியப்பன் சதுரங்கம் அறிந்திருந்தானா என்றால், அறிந்திருக்க நியாயமில்லை. அவ்வாட்டம் இருந்தது என்பதற்கு ஐயமற்ற சான்றுகள் அவனுக்கு ஒரு நூற்றாண்டு கழித்தே கிடைக்கின்றன.

இவ்வளவும் சொல்லி, மாத்தளைக்குச் சதுரங்க வரலாற்றில் பங்கே இல்லை என்று முடித்துவிட்டால் அது பெரும் பிழையாகும். சிகிரியாவை விட்டு மாத்தளை நகரின் பக்கமாக வாருங்கள். நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரை என்னும் குகைக் கோயில் உள்ளது. வட்டகாமினி அபயன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த மறைநூல்கள் இந்நாட்டில் ஏட்டில் எழுதப்பட்டன. அவை எழுதப்பட்ட இடம் இவ்விகாரையே என்பது நெடுநாளைய மரபு. அம்மறைகளுள் தீக நிகாயத்தின் முதற் சூத்திரம் பிரமசாலம். துறவியர் விலக்கவேண்டிய விளையாட்டுகளை அது அடுக்கிச் சொல்கின்றது. அவ்வடுக்கின் தலையில் நிற்பது 'அட்டபதம்'. வரிக்கு எட்டாக எட்டு வரி, அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட பலகை அது. அடுத்தது பத்துப் பத்தாக அமைந்த 'தசபதம்'.

சதுரங்கம் தோன்றுவதற்கு முன்பே சதுரங்கப் பலகை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அக்காலத்தில் அப்பலகையில் ஓடியவை படைகள் அல்ல; பகடைக்கு ஏற்ப ஓடும் காய்கள் என்பதே அறிஞர் கருத்து. பட்டியலில் மூன்றாவதாக நிற்பது 'ஆகாசம்' என்னும் ஆட்டம். பலகையே இல்லாமல், கட்டங்களை வெளியில் இருப்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டு ஆடுவது அது என்று உரை விளக்குகின்றது. வள்ளுவர் அரங்கு இழைக்காமல் வட்டாடுவதைக் கல்லாமைக்கு உவமை கூறினார். இவர்களோ அரங்கின்றி ஆடுவதையே ஒரு வித்தையாகக் கற்றிருக்கின்றனர். துறவியர்க்கு இதையும் தனியே பெயர் சொல்லி விலக்க வேண்டியிருந்தது என்றால், அவ்வாட்டத்தின் கவர்ச்சி எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிற்காலச் சிங்கள உரையொன்று, இப்பலகைகளில் அரசன் முதலிய காய்களை வைத்து ஆடுவர் என்றும் குறித்திருப்பதாக றீஸ் டேவிட்ஸ் 1899இல் தம் மொழிபெயர்ப்பில் எடுத்துக்காட்டினார். பழைய பலகையில் புதிய படை ஏறிவிட்டதை அவ்வுரை காட்டுகின்றது.

படை ஏறிய காலத்தையும் ஓரளவு குறிக்கலாம். 606 முதல் 647 வரை ஆண்ட ஹர்ஷனுடைய வரலாற்றைப் பாடிய பாணர், அவன் நாட்டில் நாற்படை வகுப்பைக் கற்பிப்பது அட்டாபதப் பலகை மட்டுமே என்று சிலேடையாகக் கூறுகின்றார். ஏறக்குறைய அக்காலத்திலேயே ஆட்டம் பாரசீகம் சென்றுவிட்டது. இந்திய மன்னன் ஒருவன் அதனைப் புதிராக அனுப்ப, நௌசேர்வான் அவையில் இருந்த அமைச்சர் அதன் விதிகளைக் கண்டுபிடித்தார் என்று ஒரு பஹ்லவி நூல் கதை சொல்கின்றது. சதுரங்கம் அங்கே சத்ரங் ஆயிற்று; அரபியர் வாயில் சத்ரஞ்ச் ஆயிற்று. 'சதுரமான அரங்கம்' என்று பெயருக்குப் பொருள் கூறுவாரும் நம்மிடையே உண்டு. கேட்க இனிமையாக இருக்கின்றது. ஆனால் நான்கு அங்கம் என்பதே அதன் பொருள்.

இறுதியாக ஓர் ஐயம். மண்டோதரி இலங்கைப் போரையே ஆட்டமாக்கினாள் என்று ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், சதுரங்கம் அப்போருக்குப் பொருந்துகின்றதா? சதுரங்கத்தில் இரு படையும் எண்ணிலும் வலியிலும் ஒன்றே. இராமாயணப் போர் அத்தகையது அன்று. ஒரு பக்கத்தில் தேவரையும் வென்ற அரக்கர். மறுபக்கத்தில் கல்லும் மரமும் ஏந்திய எண்ணற்ற குரங்குகள். இத்தகைய ஒவ்வாத போரைக் காட்டும் ஆட்டங்கள் நம்மிடையே வேறு உள்ளன. நீர்ப்பாசனப் பகுதியில் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் நாட்டார் ஆட்டங்கள் பலவற்றைப் படத்துடன் பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஒன்று 'ஹத் திவியன் கெளிய'. ஒரு புலியை ஏழு சிறுத்தைகள் மடக்கும் ஆட்டம். அதன் தமிழ் உறவு, நேயர்கள் பலரும் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடியிருக்கும் ஆடு புலி ஆட்டம். இருபத்து மூன்று சந்திகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாண்டிப் பாய்ந்து ஆட்டை வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றுக்கொன்று முதுகு காத்து, புலி பாய்வதற்கு ஒரு சந்தியும் விடாமல் நெருங்குவதே அதற்கு உள்ள ஒரே வழி. அரண்மனைக்குள் இருந்தவள் வெளியே நடந்ததைப் பார்த்து ஓர் ஆட்டம் வகுத்திருப்பாளேயானால், அவள் தன் கணவனுக்குக் கொடுத்திருக்கக்கூடியவை அந்த மூன்று புலிகளே.