விளிம்பு வெட்டப்படாத சட்டகம்: கார்த்தியே-பிரெஸ்ஸோனின் புதுச்சேரி ஒளிப்படங்கள் (1950)

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தபோது அந்நகர் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. இந்திய ஒன்றியத்திடம் நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1 அன்றுதான். ஏப்ரல் 24 தரிசன நாளையொட்டி அவர் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் படமெடுத்தார். நெடுங்காலம் ஒளிப்படத்திற்கு இசையாதிருந்த அரவிந்தரை மறுநாள் அவரது அறையிலேயே பதிவு செய்தார். அவ்வாண்டு டிசம்பர் 5இல் அரவிந்தர் மறைந்தமையால் அவ்வறைப் படங்களே பெரும்புகழ் பெற்றன. விளையாட்டுத் திடல், டென்னிஸ் களம், உப்பரிகையில் அன்னை எனத் திறந்தவெளியில் எடுக்கப்பட்டவை அவற்றின் துணைப்படங்களாகவே கருதப்பட்டு வருகின்றன. நகர வரலாற்றை எழுதுவோருக்கு இவ்வரிசை தலைகீழானது.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைக்கா கேமராவையும் பெரும்பாலும் 50 மி.மீ. வில்லையையுமே பயன்படுத்தினார். காட்சியைக் கட்டமைப்பது கேமராவின் பார்வைச் சாளரத்திலேயே முடிந்துவிட வேண்டும். இருட்டறையில் அன்று என்பது அவர் கொள்கை. பிற்காலப் படிகளில் நெகட்டிவின் முழுப்பரப்பும் அச்சாகியிருப்பதைக் காட்ட மெல்லிய கறுப்புக் கோடு சுற்றிலும் விடப்பட்டது. இதனை அழகியல் கோட்பாடாக மட்டும் பேசுவது போதாது. அவர் தம் படங்களைத் தாமே அச்சிடுவதில்லை. சுருள்கள் பிறர் கைக்குச் சென்று, படிகள் இதழாசிரியர்களின் மேசையை அடைந்தன. 1947இல் மேக்னம் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அவருக்கு, விளிம்பைக் காப்பது படைப்புரிமையைக் காப்பதாகவும் இருந்தது.

விளிம்பில் இழக்கப்படுவதைக் கணக்கிட்டே காணலாம். நெகட்டிவின் அளவு 24×36 மி.மீ. அதனை 8×10 அங்குலத் தாளை நிரப்புமாறு அச்சிட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். சதுரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு. அகலவாக்கில் எடுத்த படத்தை அதே 8×10 விகிதத்தில் நெடுவாக்காக வெட்டினால் ஏறத்தாழப் பாதி மறைகிறது. வழிபாட்டிற்கெனச் சட்டமிடுவோர் நடுவிலுள்ள திருவுருவத்தையே நாடுவர்; அது இயல்பே. ஆயின் நிற்போரின் வரிசை, மதிற்சுவர், தெருவின் அகலம், நிழலின் நீளம் ஆகியன ஓரங்களில்தான் கிடைக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் இவ்விழப்பு மேலும் கூடும்: வெள்ளாடை வெண்சுவரிலிருந்து பிரிந்து தெரிவது வண்ணத்தால் அன்று, அருகிலுள்ள சாம்பல், கறுப்பு நிறச்செறிவுகளால். அவற்றை நீக்கினால் எஞ்சிய உருவத்தின் எடையே மாறிவிடும்.

கொள்கைக்கு அவரே விலக்கு தந்துள்ளார் என்பது உண்மை. 1932இல் பாரிசின் சேன்-லசார் தொடர்வண்டி நிலையத்தின் பின்புறம் நீர்த்தேக்கத்தைத் தாண்டும் மனிதரின் படம் வெட்டப்பட்டதே. வேலிப்பலகைகளின் இடைவெளி வழியே எடுத்தமையால் நெகட்டிவின் இடப்பகுதி மறைபட்டிருந்தது. ஆனால் அங்கு முதன்மையாக நீங்கியது பலகையே.

ஆகவே 1950ஆம் ஆண்டுப் புதுச்சேரிப் படமொன்றைச் சான்றாக ஆள்வோர், கையிலுள்ள படியின் பக்க விகிதம் 3:2தானா என முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். விகிதம் பொருந்தினும் ஐயம் முற்றும் தீராது. நான்கு புறமும் ஒரே அளவாகச் சுருக்கி வெட்டியிருக்கக்கூடும். தொடர்படி கிடைக்குமிடத்தில் அதனோடு ஒப்பிடுவதே உறுதியான வழி.