மிஸியிடம் கேட்ட கேள்வி

வத்தளையில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த காலம் முழுக்கத் தாய்மாருக்கு நான் ‘மிஸி’தான். 2010இல், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டு ஊசி திரும்பி வந்தபோது, ஹெந்தலைத் தாய் ஒருத்தி கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “மிஸி, உங்கட பேரப்பிள்ளைக்கு இதைப் போடுவீங்களா?”

அவள் பயந்ததில் பிழையில்லை. 2008 ஜனவரியில் அந்த ஊசி அறிமுகமானது. மூன்று மாதத்துக்குள், ஊசி போட்ட நான்கு பிள்ளைகள் இறந்ததாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் துவண்டு போனதாக 24 அறிக்கைகள். உடனே அந்தத் தொகுதி மருந்தை நிறுத்தினார்கள். அடுத்த தொகுதியிலும் 2009 ஏப்ரலில் ஒரு பிள்ளை போனது. ஊசியையே நிறுத்திவிட்டு, பழைய முக்கூட்டு ஊசிக்குத் திரும்பினோம்.

பயந்த தாயையும் கட்டாயப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் பெரியம்மைக்கு ஊசி குத்துவதைக் கட்டாயமாக்கியது. அது வெள்ளைக்காரன் காலம். எங்கள் கிளினிக் அப்படி நடந்ததில்லை. தாய் நம்பினால்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். நம்பி வந்தார்கள்: போலியோச் சொட்டு 1962இல் வந்தது. 1993க்குப் பிறகு நாட்டில் ஒரு போலியோ நோயாளிகூட இல்லை. தாய்மாரின் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் கொழும்பில் ஒரு மேசை இருந்தது. தொற்றுநோய்கள் பற்றிய ஆலோசனைக் குழு, 1960களில் அமைந்தது. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் தலைமை, தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவின் தலைவர் செயலாளர். குழந்தை வைத்தியர்களும் ஆய்வுகூட நிபுணர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, எந்த ஊசி, எந்த வயதில் என்று பேசுவார்கள்.

கீழே இருந்து தகவல் போகாவிட்டால் அந்த மேசைக்குக் கண் இல்லை. ஊசிக்குப் பிறகு காய்ச்சல், வலிப்பு எது வந்தாலும் எழுதி அனுப்பும் முறை 1996இல் தொடங்கியது. வீடு வீடாகப் போய் விசாரித்து, படிவம் நிரப்பியவர்கள் எங்களைப் போன்றவர்கள். அந்தப் படிவங்கள்தான் 2008இல் கையை நிறுத்த வைத்தன. பிறகு உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். ஊசிதான் உயிரை எடுத்தது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அதன் பிறகே ஊசி திரும்பியது.

“போடுவேன் மகள்” என்றேன். நிறுத்தத் தெரிந்தவர்கள் சொன்னதால் சொன்னேன்.

ஆனால் அதை விளக்கி அவள் கையில் கொடுக்க என்னிடம் ஒரு தாள் இருக்கவில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: அமைச்சருக்கும் மருந்துக் கம்பனிக்கும் எட்ட நின்று முடிவெடுங்கள். எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும், ஒரு தாய் வாசித்து விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் ஒட்டுங்கள்.