ஓர் இரவுக்கு ஒரு தீவு

முதுகுளத்தூர் வட்டாரத்தாரைக் கடலோடிகள் என்று எவரும் சொல்லமாட்டார். கண்மாய் நிறைந்தால் விளைச்சல், நிறையாவிட்டால் பிழைப்புத் தேடி வெளியூர் என்பதே இங்குள்ளோர் வாழ்க்கைக் கணக்கு. ஆயினும் ஆண்டு பிறந்ததும் கச்சத்தீவுத் திருப்பயணத்திற்குப் பெயர் கொடுக்க இராமேசுவரம் செல்வோர் இங்கும் உண்டு. ஒரு பகலும் ஓர் இரவும் முழுதாக நிறைவதற்கு முன்பே அவர்கள் அத்தீவை விட்டுப் புறப்பட வேண்டும். திரும்பி வந்தபின் அதைப் பற்றிய பேச்சு மட்டும் அடுத்த ஆண்டு வரை ஓய்வதில்லை. சில மணி நேரமே பார்த்த நிலத்தின்மீது இத்தகைய பற்று எப்படி வருகிறது?

பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பரப்பு 285 ஏக்கர். நீளம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். ஊர் இல்லை, குடியிருப்பு இல்லை, குடிநீரும் இல்லை. தண்ணீருக்குக் குடத்தோடு நடந்து பழகிய நம் பெண்கள், தண்ணீரே இல்லாத தீவைப் பார்த்து மயங்குவது வேடிக்கைதான். 2023 மார்ச் 3-ஆம் நாள் நாமும் அவர்களுள் ஒருவராய் அங்கே இறங்கினோம். விசைப்படகின் இரைச்சல் அடங்கியதும், அலையோசைக்கு நடுவே கேட்டது தமிழ். கொடியேற்றமும் சிலுவைப் பாதையும் அந்தோனியாரின் தேர்ப்பவனியும் முடிந்து மணலில் படுத்திருந்தபோது, அருகிலிருந்த நெடுந்தீவு மூதாட்டி ஒருவர் நம் கையில் ஒரு பிடி புழுக்கொடியல் வைத்தார். பனங்கிழங்கை அவித்து உலர்த்தினால் யாழ்ப்பாணத்தில் அதற்கு இப்பெயர். நம்மூர்ப் பனையும் அவரூர்ப் பனையும் ஒன்றே என்பதை அறிய வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சற்றுத் தள்ளிச் சிங்களத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் படகுகள் அழைத்துவிட்டன.

இந்த ஓரிரவு உறவுக்கு நூறாண்டுக்கு மேல் வயது ஆகிறது. தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்னும் மீனவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலில் உயிர் தப்பியதற்கு நன்றியாக அந்தோனியாருக்கு இங்கே கோவில் எழுப்பினார் என்பது இக்கரை மரபு. தங்கச்சிமடத்துக் குருக்கள் சென்று திருப்பலி நிறைவேற்றி வந்தனர் என்றும் சொல்வர். அந்தோனியாரின் வரலாறும் இதற்குப் பொருந்தியே அமைந்திருக்கிறது. 1195-இல் லிஸ்பனில் பிறந்த அவர், மறைபரப்ப மொராக்கோ சென்று, நோயுற்றுத் திரும்பும்போது, அவரது கப்பலைப் புயல் சிசிலித் தீவில் ஒதுக்கியது. இத்தாலிய மண்ணில் அவர் பணியாற்ற நேர்ந்தது அப்புயலால்தான். காற்று கொண்டுவந்து சேர்த்த இடத்தை நேசிக்கக் கற்ற புனிதர் அவர்.

இனி, தீவு எவருடையது என்னும் வழக்கு. இது இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சிப்பகுதியாகக் கருதப்பட்டு வந்தது. சாயவேர் எடுப்பதற்காக 1880-இல் எழுதப்பட்ட குத்தகையிலும் இடம்பெற்றது. 1921 அக்டோபரில் சென்னை, இலங்கைப் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லை பற்றிப் பேசியபோது, தீவுக்கு மேற்கே கோடு கிழிக்க இசைந்தனர். அக்கோடு நில உரிமையைப் பாதிக்காது என்று ஒரு நிபந்தனையும் உடன் வைத்தனர்.

அதே 1921-இல், உலகின் வடகோடியில், பால்டிக் கடலில் வேறொரு தீவு வழக்கு தீர்ந்தது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ளன ஆலந்து தீவுகள். அங்குள்ளோர் பேசுவது சுவீடிய மொழி. அவர்கள் சேர விரும்பியதும் சுவீடனோடுதான். பன்னாட்டுச் சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்கே அளித்தது. ஆனால் அம்மக்களின் மொழிக்கும் வழக்கத்திற்கும் உறுதியான காப்பு வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, அங்கே படைத்தளம் அமைக்கலாகாது என்ற உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. இரண்டையும் ஒப்பிடுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். எனினும் ஒரு வேறுபாடு நம்மை உறுத்துகிறது. ஆலந்துக்காகப் பேச அங்கே குடிமக்கள் இருந்தனர். கச்சத்தீவுக்குக் குடிமக்கள் இல்லை. அதற்கு 'மக்கள்' என்று யாரேனும் உண்டெனில், ஆண்டுக்கு ஓரிரவு அங்கே உறங்குகிறவர்களே.

1974 சூன் 26, 28 நாட்களில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தீவை இலங்கையின் பக்கம் சேர்த்தது. அதைக் குறித்து அரசியல் மேடைகளில் அரை நூற்றாண்டாகப் பேசியாகிவிட்டது. நாம் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வளவாகப் பேசப்படாதது ஐந்தாவது விதி. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் இதுவரை போலவே தீவுக்கு வந்து செல்லலாம். அதற்குக் கடவுச்சீட்டோ நுழைவு அனுமதியோ இலங்கை கேட்காது என்கிறது அவ்விதி. தில்லியிலும் கொழும்பிலும் அதை எழுதியோர், நம்புதாளையும் தங்கச்சிமடமும் ஆண்டுதோறும் செய்து வந்ததைத்தான் எழுத்தில் வைத்தனர். 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றன. வலையின் கதவு அத்துடன் மூடப்பட்டது. கோவிலின் கதவை அக்கடிதங்கள் மூடவில்லை.

அக்கதவை மூடியது போர். 1980-களில் நின்றுபோன விழா, போர்நிறுத்தம் நிலவிய 2002-இல் துளிர்த்து, பின்னர் மீண்டும் தடைப்பட்டு, 2010 முதல் தொடர்ந்தது. 2016 டிசம்பரில் இலங்கைக் கடற்படையின் உழைப்பில் எழுந்த புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. மூன்று மாதம் கழியுமுன், 2017 மார்ச்சில், நடுக்கடலில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இக்கரையிலிருந்து எவரும் விழாவிற்குச் செல்லவில்லை. 2024-இல், நம் மீனவர்க்கு அங்கே சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து மீண்டும் புறக்கணித்தனர்.

மகனை இழந்த ஊரிடம் விழாவுக்குப் போ என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அவர்கள் சினத்தின் நியாயத்தை நாம் முழுதும் ஏற்கிறோம். ஆயினும் 'இதுவரை போலவே' என்று எழுதப்பட்ட உரிமைக்கு, போய்வரும் கால்களைத் தவிர வேறு சான்று இல்லை. பட்டயம் பெட்டியில் கிடந்தாலும் பட்டயமே. வழக்கம் அப்படியன்று, நடவாத வழியில் முள் முளைக்கும் என்பதை முதுகுளத்தூர்க் கரிசல்காட்டில் வளர்ந்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்பைக் காட்ட வேறு நாட்கள் ஆண்டில் பல உண்டு. அந்த ஒரு நாளைத் தொடாமல் விட்டிருக்கலாம் என்பதே நம் எண்ணம். இதை மீனவ நண்பர்கள் சிலர் ஏற்கவில்லை. கடல் அவர்களுடையது, எனவே அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

2025 மார்ச்சில் இராமேசுவரத்திலிருந்து படகுகள் மீண்டும் புறப்பட்டன. ஆதார் அட்டையின் படியோடும், காவல்துறைச் சான்றோடும், இரண்டு நாளுக்கான தண்ணீர்ப் பாத்திரத்தோடும் நம் வட்டாரத்தார் சிலரும் அவற்றில் ஏறினர். நெடுந்தீவு மூதாட்டிக்கென்று ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்தனுப்பினோம். அவர் அவ்வாண்டு வரவில்லையாம். அவருடைய பேத்தி வாங்கிக்கொண்டாள்.