இதயத்தின் சுவரும் இப்னு நஃபீஸும்

இதயத்தின் வலப்பக்கத்துக் குருதி இடப்பக்கத்தை அடைவது எவ்வழியே? இவ்வினாவிற்கு மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விடையையே ஓதி வந்தது. இரு அறைகளுக்கும் நடுவேயுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள என்றார் ஜாலீனூஸ் என நம் நூல்கள் குறிக்கும் கிரேக்க மருத்துவர் காலன். மேதை இப்னு ஸீனாவும் தம் 'அல்கானூன்' நூலில் அக்கருத்தை ஒட்டியே எழுதினார்.

அவ்விரு பேராசான்களையும் மறுத்துரைத்தவர் அலாவுத்தீன் இப்னு நஃபீஸ். திமிஷ்கின் நூரி மருத்துவமனையில் பயின்று, கெய்ரோவில் புகழ்பெற்றவர். அவர் மருத்துவர் மட்டும் அல்லர். அந்நகரின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு போதித்தவர். தமிழகக் கடற்கரை ஊர்களில் நம் முன்னோர் பின்பற்றிய அதே மத்ஹபின் அறிஞர் வரிசையில் இமாம் ஸுப்கி இவரையும் சேர்த்துள்ளார்.

கி.பி. 1242 அளவில் அவர் எழுதிய நூல் 'ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்'. அரபு கற்றோர் இப்பெயரிலேயே ஒரு நயம் காண்பர். 'ஷர்ஹ்' என்பது நூலுக்கு விரிவுரை. 'தஷ்ரீஹ்' என்பது உடற்கூறாய்வு. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். ஒன்று சொல்லைத் திறப்பது. மற்றொன்று உடலைத் திறப்பது.

அந்நூலில் அவர் கூறுவது இது: இதயத்தின் நடுச்சுவர் தடித்தது, அதில் புலப்படும் வழியும் இல்லை, புலப்படாத வழியும் இல்லை. எனவே குருதி வல அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இட அறைக்குத் திரும்ப வேண்டும். இதயத்தசை தன் உணவைத் தன்னுள் பரந்த குழாய்கள் வழியே பெறுகிறது என்றும் உரைத்தார். இன்று மாரடைப்பில் அடைபடுவன அக்குழாய்களே.

ஷரீஅத்தும் இயல்பான இரக்கமும் தம்மை உடலறுப்பினின்று தடுத்தன என்று முன்னுரையில் அவரே எழுதுகிறார். ஆயினும் நூலினுள் உடற்கூறாய்வையே சான்றாகக் காட்டுகிறார். ஃபகீஹ் ஒருவர் முன்னோர் கூற்றை ஆதாரம் கேட்டு நிறுத்திப் பார்க்கும் முறையை அவர் மருத்துவத்திலும் கையாண்டார் எனலாம்.

ஹிஜ்ரி 687, கி.பி. 1288 இல் அவர் மறைந்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபாக விட்டுச் சென்றார். ஆனால் அவருடைய கண்டுபிடிப்பு மறதியில் ஆழ்ந்தது. ஐரோப்பாவில் 1553 இல் ஸெர்வெட்டஸும், 1559 இல் கொலம்போவும் நுரையீரல் ஓட்டத்தை எழுதினர். 1628 இல் ஹார்வி உடல் முழுவதும் குருதி சுற்றுவதை நிறுவினார். அவர்களுக்கு இப்னு நஃபீஸின் கருத்து எட்டியிருந்தது என்பதற்கு ஐயமற்ற சான்று இல்லை. சான்றில்லாத பெருமையை அந்த ஃபகீஹே ஏற்றிருக்க மாட்டார்.

அந்த ஏடு மீண்டும் திறக்கப்பட்டது 1924 இல். ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற எகிப்தியர் முஹ்யித்தீன் தத்தாவி, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் அதனைப் படித்துத் தம் ஆய்வேட்டில் வெளிப்படுத்தினார். கெய்ரோவில் கண் மருத்துவராயிருந்த அரபு அறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃப் அதனை உலகறியச் செய்தார். அரபு மட்டும் அறிந்தவர் அதன் மருத்துவ மதிப்பை உணர்ந்திரார். மருத்துவம் மட்டும் அறிந்தவர் அதனை வாசித்திரார். இரு கல்வியும் ஒருவரிடம் கூடியபோதே ஏடு பேசிற்று.

இன்றைய இதய ஆய்வும் இவ்வுண்மையையே காட்டுகிறது. 1948 இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கிற்று. மருத்துவரோடு புள்ளியியலாரும் கூடியமையாலேயே இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் இதய நோய்க்குக் காரணிகள் என்பது தெளிவாயிற்று.

எனவே, 'முதலில் எதை ஆராய்வது?' என்று கேட்போர், 'யாரோடு கூடி ஆராய்வது?' என்றும் கேட்க வேண்டும். மதரஸாவில் ஓதும் பிள்ளையும் மருத்துவம் பயிலும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தும், ஒருவர் நூலை மற்றவர் தொடாதிருப்பின், அவர்களுக்கு இடையிலும் ஒரு தடித்த சுவர் எழுந்துவிட்டது என்றே பொருள். அதில் துளை இருப்பதாகக் கற்பனை செய்து பயனில்லை. வழி வேறாயினும் குருதி சென்று சேர்ந்தாக வேண்டும்.