தாயகம் சென்ற மிஷனரிமார்: யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் வரலாற்றில் ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமாரைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அவர்கள் இங்கு நிறுவிய பாடசாலைகளையும், நடத்திய வைத்தியசாலைகளையும், வெளியிட்ட நூல்களையுமே பொருளாகக் கொண்டுள்ளன. அவர்கள் தம் தாயகம் சென்று தங்கிய காலங்களோ, 'சென்றார், மீண்டார்' என்ற அளவில் ஒரு வரியுடன் முடிந்துவிடுகின்றன. ஆயின், நெடுங்காலம் அந்நிய நாட்டில் வாழ்ந்த ஒருவர் எவ்வாறு மாறியிருந்தார் என்பதை அவர் வீடு திரும்பிய காலமே தெளிவாகக் காட்டும். அவ்வகையில் இவ்விடைவெளிகளும் ஆராய்ச்சிக்கு உரியனவே.

தாயகம் செல்லுதல் அக்காலத்தில் எளிதன்று. டானியல் பூவர் முதலிய முதல் மிஷனரிமார் 1815 ஒக்டோபரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூபரிபோட் துறையிற் கப்பலேறி, 1816 மார்ச்சிலேயே கொழும்பை அடைந்தனர். ஏறத்தாழ ஐந்து மாதக் கடற்பயணம் அது. மிஷன் பணி ஆயுட்காலப் பணியாகவே கருதப்பட்டது. உடல்நலங் குன்றினாலன்றித் திரும்பும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. இதற்கு அரசியற் காரணம் ஒன்றும் துணைசெய்தது. 1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கையிற் குடியேறுவதை ஆங்கில அரசாங்கம் அனுமதிக்கவில்லை. இந்நிலையில் ஒருவர் தம் நிலையத்தை விட்டு நீங்கின், அவ்விடத்தை நிரப்ப வேறொருவர் வருதல் அரிது. எனவே நோயுற்றோரும் இயன்றவரை இங்கேயே தங்கினர்.

நலந்தேடிப் புறப்பட்டோருள்ளும் சிலர் தாயகத்தைக் காணவில்லை. எட்வேட் வாறன் 1818இலும், பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய ஜோன் ஸ்கடர் 1855இலும், தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ 1864இலும் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கைமுனைப் பகுதியிலேயே இறந்தனர். பணிபுரிந்த நாட்டிற்கும் பிறந்த நாட்டிற்கும் இடையே அமைந்தன அவர்தம் கல்லறைகள்.

வீடு சேர்ந்தோர் கண்டது யாது? பூவரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபராக 1823 முதல் 1836 வரை விளங்கிய அவர், பின்னர் மதுரையிற் பணியாற்றி, 1841இல் யாழ்ப்பாணம் மீண்டார். 1848இலேயே, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர், அவர் அமெரிக்கா சென்றார். அவர் புறப்பட்டபோது பதினெட்டு மாநிலங்களைக் கொண்டிருந்த நாடு இப்போது முப்பது மாநிலங்களாக விரிந்திருந்தது. அவர் கப்பலேறிய நியூபரிபோட் நகருக்கு 1840இல் புகையிரதப் பாதை வந்துவிட்டது. 1844 முதல் தந்தியும் வழக்கில் இருந்தது. புறத்தோற்றத்திலும் ஆழமான மாற்றம் திருச்சபைகளுக்குள் நிகழ்ந்திருந்தது. அடிமை முறை பற்றிய பிணக்கினால் மெதடிஸ்த சபை 1844இலும், பப்ரிஸ்த சபை 1845இலும் வடக்கு, தெற்கு எனப் பிளவுண்டன. மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்கச் சங்கமும் அடிமை முறையை வன்மையாகக் கண்டிக்கவில்லை என்ற குறைகூறலுக்கு இலக்காகி, 1846இல் எதிர்ச் சங்கம் ஒன்று தோன்றிற்று. யாழ்ப்பாணத்துச் சாதி வேறுபாட்டைக் கடிந்து அறிக்கை எழுதிய மிஷன் ஒன்றைச் சேர்ந்தவர், மனிதர் விலைக்கு விற்கப்படும் தம் நாட்டிற்கே திரும்பிவந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

வீடு திரும்பியோருக்கு ஓய்வும் கிட்டவில்லை. பூவர் பேச்சாளராக ஊர்தோறும் அழைக்கப்பட்டார். 1842 முதல் 1846 வரை அமெரிக்காவிலிருந்த ஸ்கடர், சிறப்பாகச் சிறுவர்களுக்கே உரையாற்றினார். நிதி திரட்டலும் புதியோரைப் பணிக்கு ஈர்த்தலும் இவ்வுரைகளின் நோக்கங்கள். கேட்போரின் உள்ளத்தை உருக்குவதற்கு யாழ்ப்பாணத்தின் இருளைப் பெரிதாக்கிக் காட்டும் தேவை அங்கு எழுந்தது. மிஷன் ஆவணங்களை நமது சமூக வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்வோர், அவை எவர் செவிக்காக ஆக்கப்பட்டன என்பதையும் ஆராய்தல் வேண்டும். பூவர் 1850இல் மீளப் புறப்பட்டு வந்து, 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் உயிர்நீத்தார்.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வரலாறு பிறிதொரு வகையினது. 1847இல் இங்கு வந்த அவர், நலங்குன்றி 1857இற் புறப்பட்டு, மணம்புரிந்து 1862இல் மீண்டார். முதற்காலப் பகுதியில் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்த அவர், மீண்டபின் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் இறுதியாகத் தாயகம் சென்ற பின்னரும் அவரது தமிழ்ப்பணி ஓயவில்லை. மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் தம் குடும்ப இல்லத்திலிருந்தவாறே மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். 'கெமிஸ்தம்' 1875இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்பில் உழைத்த அவருடைய தமிழ் மாணாக்கர் இங்கிருந்தனர், பதிப்பாசிரியர் அங்கிருந்தார். 1884இல் இறந்த அவரது கல்லறையில், அவர் விரும்பியவாறே, தமிழருக்கு வைத்திய ஊழியர் என்னும் பொருள்படும் தொடர் பொறிக்கப்பட்டது. பிறந்த மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்ட ஒருவர், தம்மை வேறொரு மக்களைக் கொண்டே அறிமுகஞ் செய்ய விரும்பினார்.

தாயகத்தை மீண்டும் நாடாதோரும் உளர். 1840இல் உடுவில் மகளிர் பாடசாலைக்கு வந்த எலிசா அக்னியூ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்து, ஒருமுறையேனும் அமெரிக்கா செல்லாது 1883இல் மானிப்பாயில் மறைந்தார். மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கோ 'தாயகம்' என்னும் சொல்லே குழப்பமாயிற்று. பண்டத்தரிப்பில் 1822இற் பிறந்த ஹென்றி மாட்டின் ஸ்கடர், கல்விக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டு, 1844இல் மிஷனரியாகச் சென்னை வந்தார். அவர் அமெரிக்கா சென்றது திரும்புதலா, இங்கு வந்தது திரும்புதலா என்பது எளிதில் விடைகூறற்பாலதன்று.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மிஷனரிமாரை ஆதிக்கத்தின் கருவிகளென்று மட்டும் கொள்வோரும், தமிழின் தன்னலமற்ற தொண்டரென்று மட்டும் போற்றுவோரும், அவர்களை மாறாத மனிதராகவே கருதுகின்றனர். நம் மக்களை மாற்றவென வந்த இவர்கள் தாமும் இங்கு மாறினர்; அம்மாற்றத்தின் அளவைத் தம் சொந்த வாயிலில் நின்றபோதே உணர்ந்திருத்தல் கூடும். அவர்கள் நமக்கு அளித்தவற்றைக் கணக்கிடும் நாம், அவர்கள் நம்மிடம் பெற்றவற்றையும் அதனால் இழந்தவற்றையும் கணக்கிற் சேர்க்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.