பழவேற்காட்டில் காணொளித் தொழில்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்துக்குள் வருகிறது. கூனங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் கேமராவை நம்பிப் பிழைக்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: பிறர் வீட்டு விசேஷத்தைப் படம்பிடிப்பது, தன் தொழிலையே படமாக்குவது.

முதல் வழி பழையது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, மாதா கோயில் திருவிழா என வேலை வரும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். பெரும்பாலோர் லைட் பிடிக்கும் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு கேமராவுக்கும் எடிட்டிங்குக்கும் நகர்கிறவர்கள். முறையாகப் படிக்க விரும்பினால் பிளஸ் டூ முடித்தபின் சென்னைத் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இருக்கிறது.

இரண்டாம் வழியைத் திறந்தவர்கள் தென்கடலோர மீனவர்கள். 'தூத்துக்குடி மீனவன்', ராமநாதபுரம் மாவட்டத்தின் 'உங்கள் மீனவன் மூக்கையூர்' ஆகிய யூடியூப் சேனல்கள் வலை விரிப்பதையும் நடுக்கடலில் குழம்பு வைப்பதையும் காட்டியே பார்வையாளரைச் சேர்த்தன. கடலுக்கு வெளியிலும் இதே கதைதான்: புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனலானது. இவர்கள் எவரும் ஸ்டுடியோ போட்டுத் தொடங்கவில்லை.

பழவேற்காட்டில் எல்லோரும் எடுப்பது பூநாரையும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டும். அதற்குச் சென்னையிலிருந்தே நீண்ட லென்ஸோடு வண்டி வண்டியாக ஆள் வருகிறார்கள். உள்ளூர்க்காரர் அவர்களோடு போட்டி போடுவது வீண். ஆனால் ஏவுதல் நாளில் கடலுக்குப் போகத் தடை விழுந்து, கரையேற்றிய படகோடு உட்கார்ந்திருப்பவரின் பேச்சு அந்தக் கூட்டத்துக்குக் கிடைக்காது. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரிக்கும் 'பாடு' அவர் படமாக்கக்கூடிய இன்னொரு விஷயம். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்தால் கடல்நீர் வரத்து குறைந்து இறாலும் குறையும் என்பது வேறொன்று. இருளர் பழங்குடியினர் இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரு கையும் வேலையில் இருப்பதால் பறி எனும் பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். அதைப் படமெடுப்பவரும் அதே சேற்றில், அவர்கள் முகமட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி நின்றால்தான் பறி தெரியும். கரையிலிருந்து ஜூம் செய்தால் முதுகுதான் விழும்.

கருவியில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. நல்ல செல்போன், நீர்புகா உறை, காற்றிரைச்சலைத் தடுக்கும் பஞ்சுறை போட்ட மைக் போதும். மோட்டார் ஓடும்போது பேசினால் எதுவும் கேட்காது. அணைத்துவிட்டுப் பேச வேண்டும். உப்புத்துளி காய்ந்த லென்ஸை வெறுந்துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் ஒற்ற வேண்டும்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாள்களில் ஷார்ட்ஸ் 1 கோடி பார்வை) வேண்டும். நீண்ட காணொளியின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு, ஷார்ட்ஸில் 45 விழுக்காடு எடுத்தவருக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். அதுவரை படகோ கல்யாண ஆர்டரோ கைவசம் இருப்பது நல்லது.

ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். ட்ரோன் விடுவதற்கு முன் ட்ரோன்களுக்கான அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அந்த இடம், மத்திய அரசு அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.