முகமா, எடையா?

நம்ம வாணியம்பாடியில் தோல் வாங்குபவர் முத்திரையைப் பார்த்து ஏமாற மாட்டார். தோலைத் தடவித்தான் பார்ப்பார். பழைய பொற்காசுகளின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே வெட்டு! காசாகச் செல்லாதபடி ஆக்கவே வெட்டினார்கள் என்பது அறிஞர் சிலர் கருத்து. முகம் போச்சு; பொன் போகவில்லை.

ஜூலியஸ் சீசர் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 40 காசு. கி.பி. 64 வாக்கில் நீரோ அதை 45 ஆக்கி எடையைக் குறைத்தார். பிற்பாடு கான்ஸ்டன்டைன் ராத்தலுக்கு 72 என்று அடித்த 'சாலிடஸ்' ஏறக்குறைய 700 ஆண்டு மதிப்போடு செலாவணியானது. எத்தனையோ முகங்கள் மாறின, எடை மாறவில்லை.

தம்பிகளே, பட்டமும் ஒரு முத்திரைதான். எடை படிப்பில் இருக்கணும்!